ஒரு விரற்கடை முன்னால்

நண்பனுக்கு,

நாஹாவில் மழைக்காலம் முடிந்துவிட்டது. பதினெட்டு வருடம் கழித்து எழுதுகிறவன் வானிலையில் தொடங்குவது உனக்குச் சிரிப்பாக இருக்கலாம்.

போன செவ்வாய்க்கிழமை காலை, மீன் சந்தையில் யொனமினே அக்காவின் கடைக்குள் ஒருவன் கத்தியோடு புகுந்து கல்லாவைத் திறக்கச் சொன்னான். நான் அங்கே இறால் வாங்கிக்கொண்டிருந்தேன். கத்தி பிடித்திருந்த கையை இடது கையால் தட்டி விலக்கினேன். என் வலது முஷ்டி அவன் தொண்டைக்கு நேராகப் போனது. நீயே பார்த்திருந்தாலும் குறை சொல்லியிருக்க மாட்டாய். ஆனால் தோலுக்கு ஒரு விரற்கடை முன்னால் அது நின்றுவிட்டது.

அவன் ஒரு கணம் அதைப் பார்த்தான். பிறகு அந்தக் கையை வெட்டிவிட்டு ஓடினான்.

"இது என்ன கராத்தேங்க? பஸ்ஸ நிறுத்துற மாதிரி கைய நீட்டிக்கிட்டு நிக்கிறீங்க" என்றாள் அக்கா, என் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டே.

போலீஸ்காரரும் கேட்டார்: "முப்பது வருஷமா கத்துக்குடுக்குறீங்க. ஒரு குத்து விட முடியலையா?"

"பயிற்சியில அடி விழறதுக்கு முன்னாடி நிறுத்திடுவோம். கை அதுக்கே பழகிடுச்சு" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்.

அது முழு உண்மை இல்லை. பயிற்சியில் என் கை நிற்காமல் போனது ஒரே ஒரு நாள். அன்று எதிரே இருந்தது நீ. அதற்குப் பிறகு அது யார் முன்னாலும் நிற்கத் தவறியதில்லை.

விரல்கள் இன்னும் மடங்கவில்லை. பார்க்கலாம் என்கிறார் டாக்டர்.

எழுத்து கோணலாக இருப்பது, இடது கையால் எழுதுவதால். பெரிதாக இருப்பது, உனக்கு மிச்சமிருக்கும் கண்ணுக்காக.

உன் பழைய எதிராளி