ஈஜிபுராவுக்கு நீங்கள் போன நாள்

அக்கா,

இன்று காலை ஓர் ஆஸ்பத்திரி வாசலில் கையில் சானிடைசர் ஊற்றினார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் ஜோகுபாளையத்தில் உங்கள் வீட்டு முன்னறை நினைவுக்கு வந்தது. கொரோனா ஓய்ந்து வெகுநாள் ஆன பிறகும், வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் முன்பு அதைத்தான் ஊற்றுவீர்கள்.

ஐசியூ நர்சுகளின் துக்கத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதத்தான் உங்களைத் தேடி வந்தேன். காபி கொடுத்தீர்கள். மகளின் படிப்பைப் பற்றி நிறையப் பேசினீர்கள். ஐசியூவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. "எழுதி என்னம்மா ஆகப் போகுது?" என்று அனுப்பிவிட்டீர்கள்.

சில வாரங்கள் கழித்து நீங்களே கூப்பிட்டீர்கள். ஈஜிபுராவில் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும், தனியாகப் போகத் தைரியமில்லை என்றீர்கள். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் விஷயம் வந்தது. கொரோனா சமயத்தில் உங்கள் வார்டில் இறந்துபோன ஒரு பெயின்டரின் வீடு அது. அவருக்கு மூச்சு அடங்கிக்கொண்டிருந்தபோது மனைவி போன் செய்திருக்கிறார். "நல்லா இருக்காரு, கஞ்சி குடிச்சாரு" என்று சொல்லிவிட்டீர்கள். அந்தப் பொய் அன்றிலிருந்து உங்களைத் தூங்கவிடவில்லை.

அந்த வீட்டில் அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தீர்கள்.

"எனக்கு அப்பவே தெரியும் சிஸ்டர். உங்க குரலே சரியில்ல" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "கடைசில பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களா?"

"நான் இருந்தேன். கையப் புடிச்சிட்டே இருந்தேன்."

அவர் உங்கள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அத்தனை காலம் வராத அழுகை அப்போது உங்களுக்கு வந்தது.

திரும்பும்போது, "இப்ப கேளு, சொல்றேன்" என்றீர்கள்.

நீங்கள் சொன்னதையெல்லாம் எழுதினேன். சொல்லாத ஒன்று உங்கள் மார்பில் இருந்த கட்டி. டியூட்டி, டியூட்டி என்று தள்ளிப்போட்டே வந்து, டாக்டரிடம் காட்டியபோது காலம் கடந்துவிட்டது.

இன்று அந்த ஆஸ்பத்திரியில் நான் பார்க்கப் போனது ஓர் இளம் நர்ஸை. எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள். உங்களைப் பற்றிச் சொன்னேன்.

"அந்த சிஸ்டர் இப்ப நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்ற சொல் நாக்குவரை வந்துவிட்டது அக்கா. ஈஜிபுராவில், அந்தப் பொய்யோடு வாசலில் செருப்பைக் கழற்றத் தயங்கி நின்ற உங்களை நினைத்துக்கொண்டேன்.

"இல்லம்மா. போன வருஷம் தவறிட்டாங்க."

 அவள் தன் கண் முன்னால் முதன்முதலாக உயிர்விட்டவரின் பெயரைச் சொன்னாள்.