காலி வெள்ளிக்கிழமை

பிப்ரவரி 9, ஞாயிறு

என் கரடிக்கு,

உங்கள் ராட்சசி எழுதுவது. நானும் மகளும் நல்லபடியாக இருக்கிறோம். அங்கே நீங்க எப்படி என்று கேட்கக் கை போகிறது. கேட்டேன் என்று தெரிந்தால் பக்கத்து வீட்டு அக்கா என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விடுவாள். நீங்க செத்துப்போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது, எனக்குத் தெரியாதா என்ன. ஆனால் லாரி கிளம்பும் ஒவ்வொரு தடவையும் உங்கள் சாப்பாட்டுப் பைக்குள் கடிதம் வைத்துப் பழகிய கை இது. "போன்ல சொன்னா இன்ஜின் சத்தத்துல பாதி போயிடுது, எழுதிக் குடுடி" என்பீங்களே. இப்போது பை இல்லை. செய்தி மட்டும் சேர்ந்துகொண்டே போகிறது.

பெரிய செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்ம சுண்டெலியைத் திறன் வளர்ப்புக் குழுவில் எடுத்துவிட்டார்கள்! ஊரில் இருக்கிற ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்புகள் எல்லாவற்றிலிருந்தும் பொறுக்கி எடுத்த பிள்ளைகள். தேர்வில் கையை ஊன்றித் தலைகீழாக நின்றாள் பாருங்க, நட்டுவைத்த கம்பம் மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "உங்க பொண்ணுக்கு யாருங்க முதல்ல சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டாள். "அவங்கப்பா தோள்பட்டை" என்று சொன்னேன். பொய்யா? நடக்கப் பழகுவதற்கு முன்னாலேயே உங்கள் தோளில் ஏறி நின்றவள்தானே.

குழுவை நடத்துகிறவரை நெட்டை சார் என்கிறார்கள். வாசலில் குனிந்துதான் நுழைகிறார். வாரத்தில் ரெண்டு சாயங்காலம், எந்தக் கிழமை தோது என்று கேட்டார். விசில் டீச்சரின் ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பு வழக்கம்போல் திங்கள், செவ்வாய், வியாழன், சனி. அவருடைய போட்டிக் குழுவுக்கு ஞாயிறு காலையும். "புதனும் வெள்ளியும் சும்மாதான் கிடக்குது சார், ரெண்டையும் எடுத்துக்கோங்க" என்றேன். அச்சில் வார்த்த மாதிரி பொருந்திவிட்டது! இனி வாரத்தில் ஒரு பொட்டு இடம் மீதியில்லை.

ஓட்டல் சலவைக் கூடத்தில் சூப்பர்வைசரிடம் மல்லுக்கட்டி, சாயங்கால ஷிப்டைக் காலைக்கு மாற்றிக்கொண்டேன். படுக்கை விரிப்பெல்லாம் தேய்த்து அடுக்கிவிட்டு ஓடினால், பள்ளிக்கூட வாசலில் அவளைப் பிடித்து பஸ் ஏற்ற நேரம் சரியாக இருக்கிறது. வீட்டுப் பாடம் பஸ்ஸிலேயே. நான் சமாளித்துக்கொள்வேன். கவலைப்படாதீங்க.

உங்கள் ராட்சசி


மார்ச் 2, ஞாயிறு

கரடி,

எனக்கு வந்த கோபத்துக்கு நேற்று ஒரு தலையணை உறையைக் கருக்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நெட்டை சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று தலையைக் கோதிக்கொண்டு போனேன்.

"தேர்வுக்கு வந்த புள்ளை இல்லைம்மா இது. தலைகீழா நின்னா கை நடுங்குது. இவளுக்கு லீவு என்னைக்கு?"

"அதெல்லாம் கிடையாது சார்" என்றேன், பெருமையாக.

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார். சுண்டெலியைக் கூப்பிட்டு, "நீ எப்ப ரெஸ்ட் எடுப்ப?" என்றார்.

"பஸ்ல சார்" என்றாள் உங்கள் மகள். "சிக்னல்ல மாட்டிக்கிச்சுன்னா நல்லாத் தூங்கலாம்."

அந்த மனிதர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே. "இங்க நாங்க பண்றது உடம்பைத் தட்டி எழுப்பி விடறதுதாம்மா. அது வளர்றது இவ சும்மா இருக்கிற நாள்லதான்" என்றார்.

"சும்மா இருக்கிறதுக்கா சார் தேர்வு வெச்சு எடுத்தீங்க? அதை எங்க வீட்டுலயே நல்லா பண்ணுவாளே" என்று கேட்டுவிட்டேன். என் வாய் உங்களுக்குத் தெரியாதா.

அவர் கோபப்படவில்லை. ஆனால் விடவும் இல்லை. மார்ச் முடிவதற்குள் வாரத்தில் ஒரு நாள் முழுசாகக் காலியாக இருக்கவேண்டும். இல்லையென்றால் அவள் இடம் வேறு பிள்ளைக்கு. "வெள்ளிக்கு பதிலா செவ்வாய்க்கிழமைக் குழுவுல வேணா சேர்த்துக்கிறேன். மிச்சத்தை நீங்கதான் பேசி முடிக்கணும்" என்றார். செவ்வாயை விசில் டீச்சர் விட்டுக்கொடுப்பாரா?

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். வெள்ளிக்கிழமையை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் தூக்கிக் கொடுத்தேன். உங்கள் லாரி வந்து சேரும் கிழமை அது. நான் ஷிப்டில் இருப்பேன், வீடு உங்கள் ரெண்டு பேருக்கும். நீங்க போன பிறகு வெள்ளி ஷிப்டை மட்டும் விட்டுவிட்டேன். அந்தச் சாயங்காலத்தில் அவள் கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அவள் பார்ப்பதை நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதன்மேல் ஒரு பயிற்சியைத் தூக்கிவைத்து மூடிவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

ராட்சசி


மார்ச் 12, புதன்

என் கரடிக்கு,

பேசி முடித்துவிட்டேன். கேளுங்க.

வழியைக் காட்டியது சுண்டெலிதான். "செவ்வாய்க்கிழமை டீச்சர்கிட்ட என்னடி பண்றீங்க?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"உடம்பை வளைக்கிறது, வயித்துக்கு, கைக்குப் பயிற்சி. சார்கிட்டயும் அதேதாம்மா. ஆனா சார் திட்ட மாட்டாரு."

ரெண்டு பெரியவர்கள் ஒரே பிள்ளையை ரெண்டு இடத்தில் ஒரே மாதிரி வளைத்துக்கொண்டிருக்கிறார்கள்! அப்படியானால் செவ்வாய் அங்கே போனால் இங்கே என்ன குறைந்துவிடும்? நேராக விசில் டீச்சரிடம் போனேன். மெத்தைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நானும் ஒரு பக்கம் பிடித்துச் சுருட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"செவ்வாய் வராதவங்க போட்டிக் குழுவுல கிடையாது. அவளுக்காக ரூலை மாத்தினா நாளைக்கு எல்லா அம்மாவும் வந்து நிப்பாங்க" என்றார். அடுத்த மெத்தையை இழுத்துக்கொண்டே, "நான் கரணம் போடச் சொல்லிக் குடுப்பேன். பேரு அவருக்கா?" என்றார்.

அதுதான் வலி என்று புரிந்தது. "டீச்சர், இவ எங்க போய் நின்னாலும் அந்தக் கரணம் உங்களோடதுதான். யாரு கேட்டாலும் நான் அப்படித்தான் சொல்லுவேன். ஆனா புள்ளைக்கு வெள்ளி காலியா வேணும்."

"அப்ப இந்த வருஷம் போட்டி இல்ல."

"சரி, வேண்டாம்."

நான் கெஞ்சுவேன் என்று எதிர்பார்த்திருக்கிறார். வாயிலிருந்த விசிலைக் கையில் எடுத்துவிட்டார். "போன வருஷம் கோப்பை வாங்கினப்ப அவங்கப்பா எப்படிக் குதிச்சாரு! அவர் இருந்தா இதுக்கு ஒத்துப்பாரா?"

"அவர் இல்லை டீச்சர். நான் இருக்கேன்."

சொன்ன பிறகு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் குரல் உடையவில்லை, சத்தியமாக. டீச்சர் மெத்தையைக் கட்டி முடித்துவிட்டு, "திங்கக்கிழமை லேட்டா வரக்கூடாது, சொல்லிட்டேன்" என்றார். அப்படியென்றால் சரி என்று அர்த்தம்.

திரும்பி வரும்போது சுண்டெலியிடம் கேட்டேன். "போட்டி இல்லைன்னா வருத்தமாடி?"

"ஆமா" என்றாள். மறைக்கவில்லை. ரெண்டு ஸ்டாப் தாண்டி, "அப்ப ஞாயித்துக்கிழமை காலைல தூங்கலாமா?" என்றாள்.

"தூங்கு."

"நீயும் தூங்கணும். இல்லைன்னா பாத்திரத்தை உருட்டி எழுப்பிடுவே."

பார்த்தீங்களா வாயை? என்னைச் சொல்லாதீங்க, இது உங்கள் வம்சம்.

உங்கள் ராட்சசி


மார்ச் 28, வெள்ளி

என் செல்லக் கரடிக்கு,

இடம் நமக்குத்தான். புதன்கிழமை நெட்டை சார் அவளைத் தலைகீழாக நிற்கவைத்து, சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கை அசையவில்லை. "இப்பத்தான் நான் எடுத்த புள்ளை திரும்ப வந்திருக்கா" என்றார். அடுத்த வருஷம் வரைக்கும் குழுவில் இருப்பாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். போட்டியில் அவள் இல்லாமல் விசில் டீச்சர் குழு மூன்றாவது வந்தது. சுண்டெலி கொஞ்சம் அழுதாள். அழட்டும் என்று விட்டேன். பிறகு போய் எல்லாரையும் கட்டிப்பிடித்துவிட்டு வந்தாள்.

இன்றைக்கும் வெள்ளி. வீட்டில் இருந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

போன ரெண்டு வெள்ளியும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஜன்னலைத் துடைத்தேன், தேய்த்த துணியையே மறுபடி தேய்த்தேன். இன்றைக்கு இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதும் பிடுங்கி வைத்துவிட்டாள். "அம்மா, ரெஸ்ட்டுன்னா ரெஸ்ட். வந்து படு."

தரையில் படுத்தோம். லாரி வரும் நேரம் ஆனதும் அவள் கதவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். யாரும் வரவில்லை. அப்புறம் அவள் காலை என் வயிற்றின்மேல் போட்டுக்கொண்டாள். வீடு இடிந்து விழுந்துவிடவில்லை. நாங்கள் இருந்தோம்.

"அப்பா இருந்தா இந்நேரம் ரெண்டு பேரும் என்னடி பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ண மாட்டோம்."

"பொய் சொல்லாதடி."

முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளோ என்று பதறித் திருப்பினால், சிரிப்பு! அடக்க முடியாத சிரிப்பு. "அது எனக்கும் அப்பாவுக்கும்மா, உன்கிட்ட சொல்ல மாட்டேன்" என்றாள். கிச்சுகிச்சு மூட்டினேன். கெஞ்சினேன். வாயைத் திறக்கவில்லை. சிரித்தபடியே தூங்கியும் போய்விட்டாள். இதோ பக்கத்தில் கிடக்கிறாள், வாயைப் பிளந்துகொண்டு, உங்களை மாதிரியே.

நான் ஷிப்ட் முடித்துக் கதவைத் திறக்கும்போதெல்லாம் ரெண்டு பேரும் இந்தத் தரையில்தான் கிடப்பீங்க. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருப்பீங்க, என்னைப் பார்த்ததும் ஒருத்தர் வாயை ஒருத்தர் பொத்திக்கொள்வீங்க. களைப்பில் நானும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், சொல்லுங்க கரடி, அப்படி என்னதான் பண்ணிக்கொண்டிருந்தீங்க?