கோட்டுக்குக் கீழே உள்ள தூரம்

அரியலூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ரீனாவுக்கு,

வெற்றிச்செல்வி எழுதுவது. உறைமேல் என் பெயரைப் பார்த்தும் கிழித்துப்போடாமல் பிரித்திருந்தால், அதற்கே நன்றி. மணப்பாறையில் பெரியம்மா வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? உன் ரெக்கார்டு நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

அப்பா ஜாமீனில் வந்துவிட்டார். வாசல் பக்கம்கூட வருவதில்லை. லாரியை வேறு ஆள் ஓட்டுகிறார். சுண்ணாம்புக்கல் நடை ஒரு நாளும் நிற்கவில்லை. உன் அம்மாவின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. மூன்றாம் வகுப்பில் எனக்குக் கடிகாரம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது அந்தச் சாந்தி மேரி டீச்சர்தான்.

டீச்சர் இறந்ததற்கு, அவர்களே ஸ்கூட்டியைத் திடீரென்று லாரிக்குக் குறுக்கே விட்டதுதான் காரணம் என்று ஊரே பேசுகிறது. பொம்பளைங்க கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். குறுக்கே வந்ததைப் பார்த்த உடனே பிரேக் அடித்தேன் என்று அப்பா சொல்வதாக லாரி ஓனரின் வக்கீல் எழுதி வைத்திருக்கிறார்.

போன வாரம் ஓனர் ஆபீஸ் திருமுருகன் அண்ணன் ஒரு தாள் கொண்டுவந்தார். லாரியின் ஜிபிஎஸ் கருவி பதிவு செய்த வேக-நேர வரைபடம். சமமாகப் போகும் கோடு கடைசியில் நேராகச் சரிந்து பூஜ்ஜியத்தைத் தொடுகிறது. பாருங்கக்கா, ரோடு அங்க இறக்கம், அதான் வண்டி நிக்கல என்று அம்மாவிடம் காட்டினார். அம்மா நம்பிவிட்டாள். எனக்கு உன் சிரிப்பு ஞாபகம் வந்தது. இந்த வரைபடத்தை நடத்திய முதல்நாள் வகுப்பில் நானும் கோடு சரிந்தால் இறக்கம் என்றுதான் சொன்னேன். அது மலை இல்லடி லூசு, வேகம் குறையுது என்றாய்.

கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் தூரம் என்பதும் நீ சொல்லிக்கொடுத்ததே. கணக்குப் போட்டேன். நொடிக்குப் பதினைந்து மீட்டர் வேகம், ஆறு நொடியில் பூஜ்ஜியம். முக்கோணத்தின் பரப்பு நாற்பத்தைந்து. பிரேக் பிடித்த பிறகு லாரி போனது அவ்வளவுதான். பி.டி. சாரிடம் டேப் வாங்கிக்கொண்டு அந்த இடத்துக்குப் போனேன். டீச்சர் விழுந்த இடத்தில் போலீஸ் போட்ட வெள்ளை பெயின்ட் இன்னும் தெரிகிறது. அங்கிருந்து லாரி நின்ற பாலக்கட்டை வரை அறுபது மீட்டர். நாற்பத்தைந்து போக மீதி பதினைந்து மீட்டர், லாரி பிரேக் இல்லாமலே ஓடியது.

டீச்சர் விழுந்து, ஒரு முழு நொடி கழித்துத்தான் பிரேக், ரீனா. அந்த நொடியில் கோடு கொஞ்சமும் சாயவில்லை.

அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். அன்னிக்கு நாலாவது நடை பாப்பா, கண்ணு அசந்துடுச்சு, சத்தம் கேட்டுத்தான் முழிச்சேன் என்றார். இது வெளிய போச்சுன்னா நாம நடுத்தெருவுலதான் நிக்கணும் என்று அம்மா பிடுங்க வந்தாள். அப்பா தாளை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

நகல் இதோடு இருக்கிறது. உங்கள் வக்கீலிடம் கொடு. டீச்சர் எப்படி வந்தார்கள் என்று சொல்ல, அப்பாவின் கண் திறந்தே இருக்கவில்லை.

அப்பாவுக்காக உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. கணக்கை மட்டும் நீ ஒரு தடவை போட்டுப் பார். எப்போதும் என் தப்பைக் கண்டுபிடிப்பவள் நீதானே. எங்காவது தப்பு இருந்தால் மட்டும் பதில் எழுது. தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் பெஞ்சில் இருக்கும்,
கொ. வெற்றிச்செல்வி