தங்கை பெயரில் வந்த பவளம்

மார்ச் 4

பெட்டி வந்துவிட்டது. தங்கை பெயரில் ஆர்டர் போட்டு வாங்கிய ஏழு உயிர்ப் பவளத்துண்டுகள், மீன்தொட்டியில் வளர்ப்பவை. என் பெயரைப் பார்த்தால் அனுப்புவானா அவன்? ஐந்து வருடம் என்னோடு வளர்ப்பு மீன்கடை நடத்திவிட்டு, வெளியூரில் தனிக்கடை போட்ட கூட்டாளி. போகிற போக்கில் வாடிக்கையாளர்களிடம் சொன்னானாம்: "அவங்களுக்குக் கைராசி இல்லைங்க. தொட்டதெல்லாம் செத்துப்போகுது." ஆறே மாதத்தில் என் கடை படுத்துவிட்டது.

இரண்டு நாள் பெட்டிக்குள் கிடந்த பவளம் சுருங்கித்தான் வரும். எனக்குத் தெரியும், மீன் வளர்ப்போர் குழுவில் பாதிப் பேருக்குத் தெரியாது. பையிலேயே படம் எடுத்து, தங்கையை விட்டுக் குழுவில் போடச் சொன்னேன்: "இவர் அனுப்பிய லட்சணத்தைப் பாருங்கள்."

அடுத்தது, இவற்றை நான் எழுப்பிக் காட்ட வேண்டும். கைராசி யாருக்கு என்று ஊர் பார்க்கட்டும். தனித் தொட்டியில் உப்புநீர் கலந்து, அதைப் பைக்குள் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பழக்கி, ஒரு மணி நேரம் கழித்து இறக்கினேன். விளக்கு கால்வாசி. இரை கிடையாது. கை வைக்கவே கூடாது.

மார்ச் 6

மூன்று பேர் அவனிடம் போட்ட ஆர்டரை ரத்து செய்துவிட்டார்கள். வயிறு குளிர்ந்தது.

மார்ச் 8

ஒன்றுகூட விரியவில்லை. ஏன்?

மார்ச் 9

பச்சைத் துண்டின் சதை உரிந்து எலும்பு தெரிகிறது. பாவி — நிஜமாகவே சாகப்போவதைத்தான் அனுப்பினானா? அதையும் படம் எடுத்துப் போட்டாயிற்று. நல்லா வேணும் அவனுக்கு. இன்னும் வேணும்.

மார்ச் 10

தங்கை தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உப்பு அளக்கிற கருவிய எதை விட்டு சரி பார்த்தே?"

"சுத்தத் தண்ணிதான். சைபர் காட்டுச்சே."

"அதோட ஒரு பாட்டில் வந்துச்சே, அளவு தெரிஞ்ச உப்புத்தண்ணி, அதை விட்டுப் பாரு."

முப்பத்தைந்து காட்ட வேண்டிய இடத்தில் முப்பது காட்டியது. அப்படியென்றால் முப்பத்தைந்து என்று நம்பி நான் கலந்த தொட்டியில் நாற்பது. ஐயோ. ஊறுகாய் மாதிரி உப்புல போட்டுட்டு அவனைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

கடையில் உப்பு அளந்ததெல்லாம் அவன்தான். அவன் போன பிறகு என் தொட்டிகளில் செத்ததெல்லாம் — வேண்டாம், இன்று அதை எழுதவேண்டாம்.

மார்ச் 11

அரை மணிக்கு ஒரு டம்ளர் நல்ல தண்ணீர். அவசரப்பட்டு உப்பைக் குறைத்தால் அதுவே கொன்றுவிடும். பச்சை போய்விட்டது.

மார்ச் 13

அவன் தங்கைக்கு போன் செய்தானாம். "தப்பு எங்க பேக்கிங்லதாங்க. கட்டுறவர வேலையவிட்டு நிறுத்திட்டேன். பச்சை ஒண்ணு வேற அனுப்பறேன், மன்னிச்சுக்கங்க."

அந்த ஆள் யார் என்றுகூட எனக்குத் தெரியாது.

சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 17

ஆறும் விரிந்துவிட்டன. பச்சையும் பார்சலில் வந்தது; ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பை, சுற்றிலும் பஞ்சு. குழந்தையைப் பொதிவது போலப் பொதிந்திருந்தார்கள்.

தங்கை போனை எடுத்தாள். "படம் எடுத்துப் போட்டுடலாமா அக்கா? தப்பு நம்மளுதுன்னு?"

"வேண்டாம்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

அவள் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவன் அனுப்பிய பச்சையைத் தொட்டியில் இறக்கினேன்.