கதவோரத்துச் சதுரம்

ஜூன் 3, செவ்வாய்

காலை 11:42.

அப்பதான் அந்த போன் வந்துது. பிரஷர் கேஜ் ஒண்ண டெஸ்ட் பெஞ்சுல மாட்டி டெஸ்ட் முடிச்சு, ரீடிங் எழுதிட்டிருந்தேன். நேரம் போடற கட்டத்துல 11:42-ன்னு எழுதிட்டுத்தான் எடுத்தேன். பேசினது என் பொண்டாட்டியோட ஆபீஸ் மேனேஜர். படிக்கட்டுல விழுந்துட்டாங்க, மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருக்கு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள —

11:20-லயிருந்தே கூப்பிட்டிருக்காங்க. டெஸ்ட் நடக்கறப்போ போனை அணைச்சு வைக்கிறது எங்க ரூம் பழக்கம். 11:40-க்குத்தான் ஆன் பண்ணேன்.

இன்னியோட நாலு மாசம். அதுக்கப்புறம் ஒரு தடவைகூட நான் போனை அணைச்சதில்ல. இனிமே கூப்பிட்டுச் சொல்ல என்ன இருக்கு? ஒண்ணுமில்ல. ஆனா கை வரமாட்டேங்குது.

சாயங்காலம் மச்சான் வந்தாரு. அவளோட அண்ணன். "மாப்ள, அந்த கேம்பர் வண்டி வீட்டுக்குப் பின்னாடி சும்மாதான நிக்குது? லீவுக்குப் பசங்கள ஏத்திட்டு ஒரு வாரம் போயிட்டு வரேன். கொஞ்சம் தேச்சு மட்டும் வைங்க, சுண்ணாம்பு டப்பாக்குள்ள விழுந்து எழுந்த மாதிரி இருக்கு."

சரின்னுட்டேன். கார்ல உக்காந்திருந்த அவர் பொண்டாட்டி ஹாரன் அடிச்சாங்க. "இதோ வரேன்டி, உயிர எடுக்காத"ன்னு கத்திக்கிட்டே போனாரு.

அப்படிக் கத்தறதுக்கு ஆள் இருக்கறவனப் பாத்தா வயிறு எரியுது. அசிங்கம். ஆனா எரியுது.

ஜூன் 7, சனி

தார்பாயை எடுத்தேன். ரெண்டு வருஷம் முன்னாடி அவதான் பிடிவாதம் பிடிச்சு வாங்க வச்சா — கார் பின்னாடி கட்டி இழுக்கிற வீடு. பழசு. ஃபைபர் உடம்பு, அதுக்கு மேல ஜெல் கோட்னு ஒரு பூச்சு. வெயில் பட்டுப் பட்டு மேல் தோல் செத்துடும். கை வச்சா வெள்ளையா மாவு ஒட்டும். "எப்பங்க தேய்க்கிறது?"ன்னு கேப்பா. "அடுத்த மாசம்." எல்லாத்துக்கும் என்கிட்ட அடுத்த மாசம்தான்.

சோப்புத் தண்ணி ஊத்திக் கழுவிட்டே வந்தேன். கதவோரத்துல நின்னுட்டேன்.

ஒரு சதுரம். ஒரு முழத்துக்கு ஒரு முழம். ஓரமெல்லாம் டேப் ஒட்டி எடுத்த மாதிரி நேர்கோடு. அதுக்குள்ள என் மூஞ்சி தெரியுது.

நான் பண்ணல.

உள்ள சிங்குக்குக் கீழ ஒரு பாலிஷ் டப்பா. மூடியில ஒரு படகு ஒர்க்‌ஷாப் பேரும் நம்பரும். அதுக்குக் கீழ மார்க்கர்ல, ஆம்பளக் கையெழுத்து: "மெதுவா. அழுத்தாம."

யார்டா நீ?

ஜூன் 8, ஞாயிறு

பக்கத்து வீட்டு அக்காவக் கேட்டேன். "ஆமாப்பா, ஜனவரில ஒரு ஆளு டப்பா கொண்டுவந்து குடுத்துட்டுப் போனாரு. நீ டூட்டியில இருந்த. ரெண்டு பேரும் என்னத்தையோ சொல்லி அப்படிச் சிரிச்சாங்க."

அப்படின்னா எப்படி? கேக்கல. சாப்பிடவும் இல்ல.

ஜூன் 10, செவ்வாய்

லீவு போட்டுட்டு, டப்பா மூடியில இருந்த அந்தப் படகு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

கிழவனா இருப்பான்னு நினைச்சேன். என் வயசு. முழங்கை வரைக்கும் வெள்ளை மாவு, தலைகீழாக் கவுத்துப் போட்ட படகு மேல ஏறி உக்காந்து மெஷின் ஓட்டிட்டிருந்தான். கேம்பர்னு சொன்னதும் மெஷினை நிறுத்திட்டான்.

"அட, நீங்கதானா அந்த அடுத்த மாசம் சார்?"

அது எங்களுக்குள்ள இருந்தது. எங்க ரெண்டு பேருக்குள்ள.

"மேடம் எப்படி இருக்காங்க? டவுட்டா கேட்டுத் தள்ளுவாங்க, திடீர்னு சத்தமே இல்ல. பாதியில விட்டுட்டாங்களா?"

அவனுக்குத் தெரியாது.

நான் வாயத் திறந்தேன். "வெளியூர் போயிருக்கா"ன்னு வந்துது.

"வந்ததும் போன் பண்ணச் சொல்லுங்க. ஒரு நல்ல வேக்ஸ் எடுத்து வச்சிருக்கேன்"னான். என் நம்பரையும் வாங்கிக்கிட்டு, எனக்கும் படிச்சுப் படிச்சுச் சொல்லிக் குடுத்தான். கம்பளி பேடு, குறைஞ்ச ஸ்பீடு, ஒரே இடத்துல நிக்கக்கூடாது, மாவு ரொம்ப ஏறியிருந்தா மட்டும் தண்ணி போட்டு எமரி ஷீட். நான் தலையாட்டினேன். பாதி காதுல ஏறல. அவன் கண்ணையே பாத்துட்டிருந்தேன். அந்தக் கண்ணுக்குள்ள அவ வெளியூர்லதான் இருக்கா. துணி மடிச்சு வச்சிட்டு, பஸ் ஏறி வந்துடுவா.

எனக்கு நாலு மாசமா இல்லாதவ அவனுக்கு இருக்கா.

இதுக்கு மேல ஒருத்தன் மேல ஒருத்தன் என்ன பொறாமைப்பட முடியும்.

ஜூன் 11, புதன்

வேலைய விட்டு வந்து சட்டைகூட மாத்தல. மெஷின்ல நானூறு நம்பர் ஷீட்டை மாட்டினேன். அந்த சதுரத்து மேல வச்சேன். அது முரட்டு ஷீட், அந்த இடத்துக்கு ஷீட்டே தேவையில்ல — எல்லாம் தெரிஞ்சுதான் வச்சேன். நல்லா அழுத்தினேன். அழுத்தாதன்னு எழுதியிருந்தான்ல.

மூணு நிமிஷம். என் மூஞ்சி போச்சு. கீழ் மூலையில நகத்தளவுக்கு ஜெல் கோட்டே போயி ஃபைபர் நார் தெரியுது.

நல்லா இருந்துது. உண்மையச் சொல்றேன், நல்லா இருந்துது.

ஜூன் 12, வியாழன்

அந்தப் படகுக்காரன் அனுப்பியிருக்கான். மத்தியானம் கேன்டீன்ல பாத்தேன். "சார், நீங்க கேக்கப்போற டவுட் எல்லாம் மேடம் ஏற்கனவே கேட்டது. இதைக் கேட்டுக்கங்க." ஆறு வாய்ஸ் மெசேஜ். அவ குரல்.

அவனுக்கு ஆறு. என்கிட்ட ஒண்ணுகூட இல்ல. ஒரே வீட்டுல இருக்கறவங்க எதுக்கு வாய்ஸ் அனுப்பப் போறோம்? என் போன்ல இருக்கறதெல்லாம் "தயிர்", "கேஸ் புக் பண்ணு", "ம்".

கேக்க மாட்டேன்.

பாத்ரூமுக்குப் போயி கேட்டேன். அஞ்சு வரைக்கும் பாலிஷ்தான். எந்தத் துணி, எத்தன தடவ, ஏன் கோடு விழுது. ஆறாவதை எழுதி வைக்கிறேன், அவ சொன்னபடியே:

"அண்ணா, முடிஞ்சுது. மெஷினே தொடல, எல்லாம் கையாலதான். அவர் டூட்டியில இருந்த மூணு சனிக்கிழமை ஆச்சு, தோள்பட்ட போச்சு. இதுக்கு மேல நான் பண்ணல, போதும். அவர் பொறந்தநாளுக்குக் கூட்டிட்டு வந்து இத மட்டும் காட்டுவேன். மீதியெல்லாம் அவர்தான். அவர ஆரம்பிக்க வைக்கிறதுதான் அண்ணா கஷ்டம். ஆரம்பிச்சுட்டார்னா விடவே மாட்டாரு, லூசு மாதிரி செய்வாரு."

என் பொறந்தநாள் பிப்ரவரி கடைசி. அவ போனது மூணாம் தேதி.

அவன் கை இல்ல. அவ கை. மூணு சனிக்கிழமை.

மூணு நிமிஷம்.

ஜூன் 13, வெள்ளி

ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அவன் டீ ஊத்திட்டிருந்தான். "மேடம் வந்துட்டாங்களா?"

சொன்னேன். விழுந்தது, படிக்கட்டு, எல்லாம். என்னையும் அறியாம மேல இருந்த கடிகாரத்தப் பாத்தேன். சாயங்காலம் 5:10. அந்த மேனேஜர் எனக்குச் செஞ்சதை நான் இவனுக்குச் செஞ்சுட்டேன்.

கிளாஸைக் கீழ வச்சான். "அன்னிக்கே ஏன் சார் சொல்லல?"

"அவ உங்ககிட்டயாவது இருக்கட்டும்னுதான். அப்புறம் அதுவே பொறுக்கல."

சதுரத்தப் பத்தியும் சொன்னேன். திட்டுவான்னு நினைச்சேன்.

"வழிச்சது வழிச்சதுதான். அடியில ஜெல் மிச்சம் இருக்கும். ஆயிரத்தைந்நூறு நம்பர்ல தண்ணி போட்டு... இல்ல, நானூறு கோடு ஆழம், எண்ணூறுல ஆரம்பிங்க. கையால. அந்த நகத்தளவ அடைக்க மட்டும் நான் பேஸ்ட் தரேன். கலர் சேராது, தனியாத் தெரியும்."

"தெரியட்டும்."

"அழுத்தாதீங்க."

"எழுதியிருக்கீங்களே."

சிரிக்கப் பாத்தோம். வரல.

ஜூன் 14, சனி

எண்ணூறு. தண்ணி. மாவு.

ஜூன் 21, சனி

ஆயிரத்தைந்நூறு, ரெண்டாயிரம். தோள்பட்ட போச்சு. இதைத்தான சொன்னா?

ஜூன் 28, சனி

பாலிஷ். கோடெல்லாம் அடங்கிடுச்சு. மூஞ்சி வருது, தாடியோட. அந்த நகத்தளவு மட்டும் மோர்க் கலர்ல முழிக்குது.

அவளோடது மாதிரி இருக்கா? தெரியல. அவளோடதை நான் ஒழுங்காப் பாக்கக்கூட இல்ல. எரிஞ்சுக்கிட்டே பாத்தேன்.

ஜூலை 4, வெள்ளி

மீதி உடம்பு பூரா மெஷின்ல முடிச்சாச்சு. அஞ்சு நாள், வேலைக்கு அப்புறம் தினமும். லூசு மாதிரி.

மச்சான் வந்து சுத்திச் சுத்திப் பாத்தாரு. "மாப்ள, கண்ணாடியாட்டம் ஆக்கிட்டீங்களே. ஞாயித்துக்கிழமை எடுத்துக்கவா?" கதவோரத்துல அந்தப் புள்ளியத் தடவி, "இங்க மட்டும் என்ன, மூக்குத்தி மாதிரி?"

"இல்ல மச்சான். ஞாயித்துக்கிழமை நான் எடுத்துட்டுப் போறேன். நீங்க அடுத்த மாசம் போங்க."

ஒரு மாதிரிப் பாத்தாரு. அப்புறம் தோள்ல தட்டிட்டுப் போனாரு. வாசல்ல ஹாரன் அடிச்சுது. இந்தத் தடவையும் எரிஞ்சுது. கொஞ்சம்.

ஜூலை 6, ஞாயிறு

தண்ணி ஓரமா நிறுத்தியிருக்கேன். கதவுல சாஞ்சு எழுதறேன். பக்கத்து வண்டிக்காரங்க புருஷனும் பொண்டாட்டியும் கூடாரத்த எந்தப் பக்கம் கட்டறதுன்னு காலையிலயிருந்து சண்டை. அந்தம்மா சொல்றதுதான் சரி. அவர் கேக்கமாட்டாரு.

படகுக்காரர் ஒரு தடவ கூப்பிட்டாரு, வேக்ஸ் காய்ஞ்சுதான்னு கேட்டாரு. மச்சான் ரெண்டு தடவ. சாப்பிட்டேன்னு சொல்லிட்டேன். ஆறாவதை ஒரு தடவ கேட்டேன்.

மணி 11:38 ஆச்சு. போனை அணைச்சுட்டேன்.