மோட்டரில் பழுதில்லை

கொட்டாஞ்சேனை
ஆகஸ்ட் 21

அன்பு மருமகன் ரொனிக்கு,

மடுமாதாவின் தயவால் நானும் மாமியும் சுகம். வத்தளையில் நீங்களும் ரஜனியும் சுகமாக இருக்க மன்றாடுகிறோம். நேற்று என் நம்பர் என்று தெரிந்தும் போனை எடுத்தீர்கள். எனக்குத்தான் வாய் வரவில்லை, வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

அன்று நீங்கள் ரஜனியோடு திரும்பிப் போன பிறகு, பைப்பில் தண்ணீர் வராததற்குத் தண்ணீர் மோட்டர்தான் காரணமென்று அதை நானே கழற்றினேன். எட்டாம் வகுப்பு மட்டும் படித்த எஞ்சினியரின் வேலை. திரும்பப் பூட்டியபோது மூன்று ஆணி மிச்சம். மாமி அவற்றை மாதா சுருபத்தின் முன்னால் வைத்துவிட்டாள். இரண்டு நாள் பக்கத்து வீட்டு வாசலில் வாளியோடு நின்றோம்.

பிறகு கிராண்ட்பாஸிலிருந்து மோட்டர் திருத்தும் பஸீரைக் கூப்பிட்டேன். அவர் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பூட்டி, கரண்ட் பார்த்து, டாங்கிக்கு ஏணியில் ஏறினார். மேலே நின்று, “அங்கிள், டாங்கி முட்டத் தண்ணி ஈக்கிது. மோட்டர் என்னத்துக்கு ஓடோணும்?” என்று கேட்டார். தெருவே கேட்டிருக்கும். நான் மோட்டரை நிறுத்த மறக்கிறேன் என்று, டாங்கி நிறைந்தால் தானாக நிற்கும் சுவிச்சைப் போன மாதம் பொருத்தியவர் நீங்கள். அது தன் வேலையைத்தான் செய்திருக்கிறது.

பைப்பில் தண்ணீர் வராததற்குக் காரணமும் நான்தான். மடுத் திருவிழாவுக்குப் போகும் அவசர அவதியில், குசினிப் பைப் ஒழுகுமே என்று டாங்கி வால்வை மூடியிருக்கிறேன். வந்து திறக்க மறந்துவிட்டேன். ‘காஸ், வால்வு எல்லாம் மூடிவிட்டேன்’ என்று பஸ்ஸில் நான் பெருமையடித்தது மாமிக்கு இப்போதுதான் நினைவு வருகிறதாம்.

பேறுகாலத்துக்கு ரஜனியைக் கொண்டுவந்து விட்ட அன்று நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: “மாமா, நான் ஒருக்கா ஏறி டாங்கியைப் பாக்கட்டே?” உங்கள் சுவிச்சுதான் மோட்டரைக் கெடுத்தது என்று நினைத்து நான் ஏணியைப் பிடுங்கினேன். “நீர் கை வைச்ச எதுதான் உருப்பட்டது?” என்று, வயிற்றுப் பிள்ளையோடு நின்றவளுக்கு முன்னால் சொன்னேன். நீங்கள் அவளுடைய பையைத் தூக்கித் திரும்ப ஓட்டோவில் வைத்தீர்கள். அந்தப் பை கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

முதல் பேறுக்கு மகள் தாய்வீட்டில் இருக்க வேண்டுமென்று மாமி தொட்டில் சீலைகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். எனக்குச் சோறு போடும்போதெல்லாம் அந்தச் சீலைகளைத்தான் பார்க்கிறாள். வரச் சொல்ல எனக்கு முகமில்லை. ஆனாலும் ஏணியை உள்ளே எடுத்து வைக்கவில்லை, தம்பி. டாங்கியில் சாத்தியபடியே நிற்கிறது. பஸீர் பார்த்துவிட்டுப் போனாலும் எனக்குத் திருப்தியில்லை. நீங்களும் ஒருக்கா ஏறிப் பார்த்தால் நல்லது.

மாதா உங்கள் மூன்று பேரையும் காப்பாளாக.

மாமா
மரியநாயகம்