உனக்குத் தண்ணீர் என்றால் பயமாம்

வீட்டு முதலாளியம்மாவுக்கு,

நீ தண்ணீரைக் கண்டாலே நடுங்குகிறவள் என்று ஒரு பஸ் கூட்டத்துக்கே மைக்கில் சொல்லிவிட்டேன். முதலில் திட்டிவிட்டு, பிறகு மேலே படி. நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி? சின்னவள் சாப்பிடுகிறாளா, இல்லை போனையே மெல்லுகிறாளா?

நேற்று எங்கள் சுற்றுலா பஸ்ஸின் கைடு வயிற்றுவலி என்று வரவில்லை. ஓட்டுகிற நானே மைக்கையும் பிடித்தேன். வாரத்துக்கொரு ஓட்டல் முளைக்கிற ஊர் இது. போன மாதம் காட்டிய கடலை இந்த மாதம் ஒரு கட்டடம் மறைக்கிறது. சுறாமீன் காட்சியகம், ரோப் கார், கடல்மேல் கண்ணாடிப் பாலம் என்று கைடின் வசனத்தை அப்படியே வெளுத்து வாங்கினேன். கைதட்டல் வேறு!

முன் சீட்டில் ஒரு அம்மா கேட்டார்: "இவ்ளோ அழகா சொல்றியேப்பா, உன் வீட்டுக்காரிக்கு இதெல்லாம் காட்டிட்டியா?"

"அவளுக்குத் தண்ணின்னா பயம்மா."

"அவளுக்கா, உனக்கா?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். இங்கே கூட்டிவரச் சொல்லி நீ வருஷா வருஷம் கேட்டாய். வீட்டு வேலை முடியட்டும், பரீட்சை முடியட்டும் என்று நான்தான் தள்ளிப்போட்டேன்.

இந்த லீவுக்கு வந்துவிடு. என் தலையணையையும் கொண்டுவா. இங்கே உள்ளதில் தூக்கம் பிடிப்பதில்லை. எல்லாவற்றையும் சுற்றிக்காட்டுகிறேன். ஆட்கள் ஏறுகிறார்கள், நிறுத்துகிறேன்.

உன் டிரைவர்

பி.கு.: எனக்கு வார விடுமுறை திங்கட்கிழமை. இங்கே எல்லா இடங்களையும் மூடி வைப்பதும் அன்றைக்குத்தான். நானே இன்னும் எதற்குள்ளும் போனதில்லை.